ஆறாம் இலக்கப் போத்தல்

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் கொழும்பில் எந்தக் கடையிலும் ஒரு சொட்டு மதுவும் விற்கமாட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் போயா சனிக்கிழமையில் வந்தால் எங்களைப்போல் ஒஃபிஸ் போகிறவர்களின் கண்ணில் படாது. எப்படியும் லீவுதானே, கலண்டரை யார் பார்க்கிறார்கள்? நான் பார்க்கவில்லை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வைன் ருசி பார்க்கும் விருந்து. நாலு குடும்பங்கள் சேர்ந்து மாதாமாதம் முறை வைத்து நடத்துவது. தொடக்கியவர் எங்கள் டிரெக்டர் மிஸிஸ் பத்மநாதன். லண்டனில் படித்தவர், கிளாஸைக் காம்பில் பிடித்துத்தான் தூக்குவார். இரண்டாவது குடும்பம் டெரிக்கும் மனைவியும். டெரிக் ஒஃபிஸில் எனக்குச் சமமான வேலையில் இருப்பவன். பத்து நாள் ஆர்ஜென்டினாவுக்குப் போய் வந்தான், வந்து மூன்று வருடமாகியும் இன்னும் விமானத்திலிருந்து இறங்கவில்லை. மூன்றாவது ஒரு டொக்டர் தம்பதி. அதிகம் பேசமாட்டார்கள், நன்றாகக் குடிப்பார்கள். நாலாவது நானும் என் கணவர் பிறெடியும். எங்களைச் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகிறது. இதுதான் எங்கள் முதல் முறை.

விதிகள் உண்டு. விருந்து வைப்பவர் ஒரு தலைப்பைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆறு போத்தல்கள். பெயர் தெரியாமல் தாள் சுற்றி, இலக்கம் மட்டும் எழுதி வைக்க வேண்டும். எல்லோரும் ருசி பார்த்துப் புள்ளி போடுவார்கள். கடைசியில் தாளைக் கிழித்து எது எதுவென்று பார்ப்பார்கள். நான் தெரிந்தெடுத்த தலைப்பு தென்னமெரிக்காவும் இனிப்பும். ஆர்ஜென்டினாவின் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சிலியின் சிவப்பு ஒன்று. பிறகு இனிப்பில் இரண்டு. ஆறாவது, தென்னமெரிக்காவும் இனிப்பும் ஒன்றாகச் சேரும் போத்தல்: சிலியின் லேட் ஹார்வெஸ்ட். திராட்சையைக் கொடியிலேயே வாடவிட்டு, பிந்திப் பறித்துச் செய்வது. ஒரு மாதமாக ஒஃபிஸில் அந்த ஆறாவதைப் பற்றி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

ஐந்து போத்தல்கள் முன்னமே வாங்கியாயிற்று. ஆறாவது வெள்ளிக்கிழமைதான் கடைக்கு வந்தது. சனிக்கிழமை காலை வந்து எடுக்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லியிருந்தேன். காலை பதினொரு மணிக்குப் போனால் ஷட்டர் இழுத்துப் பூட்டியிருந்தது. முன்னால் கதிரையில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "அத போய நே, மிஸ்" என்றான். இன்றைக்குப் போயாவாம். அந்த ஷட்டருக்கு உதைக்க வேண்டும்போல் இருந்தது. சுப்பர்மார்க்கெட்டிலும் மது வைக்கும் பக்கத்தை மறைத்துவிட்டிருந்தார்கள். போயாவிலும் பின்கதவால் தருகிற ஓர் இடத்தைத் தனக்குத் தெரியுமென்று பிறெடி சொன்னார். அங்கே சாராயம் மட்டும்தான் கிடைக்கும்.

"அஞ்சு போதும் ஜெஸி" என்றார் பிறெடி. "போயா எண்டு சொன்னா விளங்கிக்கொள்ளுவாங்கதானே."

விளங்கிக்கொள்வார்களாம். டெரிக் எப்படி விளங்கிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். ஆறு வரி போட்ட புள்ளித்தாள்களை அடித்து அழகாக மேசையில் வைத்திருந்தேன். ஆறாவது வரி வெறுமையாக இருக்க, அவன் சோஃபாவில் சாய்ந்துகொண்டு, "பரவாயில்ல ஜெஸ், முதல் தரம்தானே" என்பான். அந்த வார்த்தையை நினைக்கவே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறெடிக்கு ஏசிப்போட்டு, கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடித்தேன்.

கொட்டாஞ்சேனையில் என் அக்கா கொன்ஸ்ரன்ஸ் இருக்கிறாள். நாங்கள் பிறந்த ஒழுங்கையில், அதே வீட்டில். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒவ்வொரு நவம்பரும் வைன் போடுவாள். முந்திரிகை வற்றல், சீனி, கறுவா, கராம்பு எல்லாம் சீனச்சாடியில் போட்டு, காலைப் பூசைக்குப் போய் வந்ததும் முதல் வேலையாக மரக்கரண்டியால் கிண்டி, இருபத்தொரு நாள் காத்திருந்து வடிப்பாள். நிறத்துக்குச் சீனியைக் கருக்கி ஊற்றுவாள். கிறிஸ்மஸுக்கு எங்கள் ஒழுங்கையில் அந்த வைன் போகாத வீடு கிடையாது. எனக்கு ஆண்டுதோறும் இரண்டு போத்தல் வரும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அதை பிரிஜுக்குப் பின்னால் மறைத்து வைப்பேன்.

ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெரிக் வீட்டு விருந்தில், அதுதான் நாங்கள் போன முதல் விருந்து, அவன் ஒரு பகிடி விட்டான். கிறிஸ்மஸுக்கு எங்கள் ஆட்கள் வீடுகளில் செய்கிற வைன் வைனே இல்லையாம், பிள்ளைகளின் இருமல் மருந்தாம். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

அக்கா ஹவுஸ்கோட்டோடு வாசலுக்கு வந்தாள். "என்ன ஜெஸி, சொல்லாமக் கொள்ளாம? பிறெடிக்குச் சுகமில்லையா?"

"ஒண்டுமில்ல அக்கா. உங்கட வைன் ஏதும் மிச்சம் இருக்கா?"

"ஏன்?"

"பின்னேரம் வீட்டில ஒஃபிஸ் ஆக்கள் வாறாங்க. வைன் குடிச்சுப் பாக்கிற விருந்து."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "என்ட வைனையா?"

"ஓம்."

"உன்ட டிரெக்டர் மிஸிஸும் வாறாவா?"

"ஓம், வாறா."

அவள் கையை ஹவுஸ்கோட்டில் துடைத்தாள். துடைத்த கையை இன்னொரு தரம் துடைத்தாள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து இரண்டு போத்தல் கொண்டு வந்தாள். பழைய சாராயப் போத்தல்கள், லேபிளைச் சுரண்டிக் கழுவியவை. "திருநாளுக்கு எண்டு வச்சது. ரெண்டு வருசம் பழசு. பரவாயில்ல, பெரிய ஆக்கள் வரேக்க நல்லதாத்தானே குடுக்கோணும்" என்றாள். பிறகு, "என்ன நேரம்?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

எங்கள் ஒழுங்கையில், வீட்டில் விருந்து என்று சொல்லி, கேட்டதற்கு நேரத்தையும் சொன்னால், அது அழைப்பு. உறவுக்குள் 'வாங்கோ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. சொன்னால்தான் குறையாக நினைப்பார்கள். இந்தப் பழக்கத்தில் முப்பது வருடம் வளர்ந்தவள் நான். வெள்ளவத்தைக்கு வந்து பத்து வருடத்தில் சுத்தமாக மறந்துபோனேன்.

வீட்டில் இன்னொரு பிரச்சினை. விருந்தின் கடைசியில் தாளைக் கிழிப்பார்கள், உள்ளே சாராயப் போத்தல் இருந்தால் என் கதை கந்தலாகிவிடும். போன வருடம் பிறெடியின் பிறந்தநாளுக்கு யாரோ அதே சிலி லேட் ஹார்வெஸ்ட்டைக் கொண்டு வந்திருந்தார்கள். வெறும் போத்தல் அழகாக இருக்கிறதென்று எறியாமல், குசினி ஜன்னலில் மணிப்பிளாண்ட் வளர்த்துக்கொண்டிருந்தேன். மணிப்பிளாண்டை வேரோடு இழுத்தெடுத்து சிங்கில் போட்டேன். போத்தலை உப்புப் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். புனலை வைத்து அக்காவின் வைனை ஊற்றினேன். பிறெடி குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"வீட்டில செஞ்சது எண்டு சொல்லலாம்தானே. அக்கா செஞ்சது எண்டு சொன்னா என்ன?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. போய்க் கதிரையை இழுத்துப் போடுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பிகளுக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பரில் ஆறு போத்தல்களையும் சுற்றினேன். மூலை மடிப்பு எனக்கு எப்போதும் சரியாக வராது. பள்ளிக்கூட நாட்களில் ஜனவரி பிறந்தால் என் கொப்பிகளுக்கெல்லாம் உறை போட்டுத் தந்தது அக்காதான். கசங்கிய மூலைகளை டேப் ஒட்டி மறைத்து, 1 முதல் 6 வரை எழுதினேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். எங்கள் பல்கனியில் கழுத்தை நன்றாக இடப்பக்கம் திருப்பினால் கடல் தெரியும். மிஸிஸ் பத்மநாதன் திருப்பிப் பார்த்து, நல்ல இடம் என்றார். முதல் மூன்று போத்தல்களும் பிரமாதமாகப் போயின. டெரிக் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி மலைச்சாரல், மழை, தோல் செருப்பு என்று என்னென்னவோ சொன்னான். நாலாவதை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது.

அக்கா நின்றாள். தன் மகளின் கல்யாணத்துக்கு எடுத்த ஊதாச் சேலை. தலையில் மல்லிகை. கையில் துணி சுற்றிய பட்டர் கேக், அடி இன்னும் சூடாக இருந்தது. "கேக் இறக்கினதும் வந்திட்டன். பிந்திப் போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல, வாங்கோ" என்று கூட்டி வந்து, என் அக்கா என்று எல்லோருக்கும் சொன்னேன். அதையாவது சொன்னேன். மிஸிஸ் பத்மநாதன் எழுந்து கைகொடுத்தார். அக்கா மேசைக்கு எட்டத்தில், ஓரக் கதிரையில் இருந்தாள். சுற்றி வைத்த போத்தல்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். தன்னுடையது எது என்று கேட்கிற சிரிப்பு. நான் குனிந்து கிளாஸ்களை அடுக்கினேன்.

நாலாவது முடிந்தது, ஐந்தாவது முடிந்தது. ஆறாவதை ஊற்றியதும் அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. அக்கா நிமிர்ந்து இருந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பரிசளிப்பு விழாவில் அடுத்த பெயர் தன்னுடையது என்று தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

டெரிக் முகர்ந்தான். ஒரு மிடறு குடித்தான். கண்ணைத் திறக்கவேயில்லை. பிடிபட்டேன் என்றே நினைத்தேன்.

"ஜெஸ்" என்றான். "இது வேற லெவல். கராம்பு வாசம் ஒண்டு வருது, கவனிச்சீங்களா? அது ஓக் பீப்பாயால வாறது. வருசக்கணக்கா பீப்பாய்க்குள்ள இருந்தாத்தான் இப்பிடி வரும்."

"இல்ல தம்பி, அது கராம்புதான்" என்றாள் அக்கா, சந்தோஷமாக. "நான்..."

"அக்கா!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரலை இறக்கி, "கேக்கை வெட்டிக் கொண்டு வாங்கோவன். குசினியில பிளேட் இருக்கு" என்றேன்.

அவள் மடியில் வைத்திருந்த கைகளை எடுத்தாள். பிறகு எழுந்து குசினிக்குப் போனாள். அவள் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது: குசினியில் நான் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. அவளுடைய போத்தல்கள் இரண்டும், வைன் காயாத புனலும், வேரோடு கிடக்கும் மணிப்பிளாண்டும் அப்படியே சிங்கில் கிடந்தன. எழுந்து ஓட நினைத்தேன். டெரிக் புள்ளித்தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டான்.

ஆறாவதுக்குத்தான் முதலிடம். ஐந்து பேர் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். பிறெடி அதற்குப் புள்ளியே போடவில்லை. மிஸிஸ் பத்மநாதன் தன் கையாலேயே தாளைக் கிழித்தார். சிலியின் லேபிள் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் அக்கா கேக் பிளேட்டோடு வந்து நின்றாள். போத்தலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பிளேட்டை மேசையில் வைத்தாள்.

"அக்கா, நீங்களும் கொஞ்சம் ருசி பாருங்கோ" என்று மிஸிஸ் பத்மநாதன் ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். "சிலியில இருந்து வந்தது."

இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அது என்ட அக்கா செஞ்சது' என்று நாலே நாலு சொல். எண்ணிப் பார்த்துவிட்டேன், நாலுதான். அன்று அந்த நாலும் என் வாயில் வரவில்லை.

அக்கா தன் வைனைக் குடித்தாள். ஒரு மிடறு. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நல்ல ருசியா இருக்கு" என்றாள். "எங்கட பக்கம் இப்பிடி ஒண்டு கிடைக்காது."

டெரிக் தலையாட்டினான். "கிடைக்காதுதான் அக்கா. இதெல்லாம் அங்கத்த மண்ணுக்கும் வெயிலுக்கும் மட்டும் வாறது."

"ஓம் தம்பி, இருக்கும்" என்றாள் அக்கா.

எட்டு மணிக்கு முன்னமே எல்லோரும் போய்விட்டார்கள். போகும்போது மிஸிஸ் பத்மநாதன் என் தோளைத் தட்டி, கிறிஸ்மஸ் விருந்துக்கு அந்த லேட் ஹார்வெஸ்ட் தனக்கும் இரண்டு போத்தல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். வாய் அதுவாகவே சொன்னது.

குசினிக்குள் போனேன். சிங்க் துடைத்துச் சுத்தமாக இருந்தது. புனல் கழுவிக் கவிழ்த்திருந்தது. மணிப்பிளாண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து ஜன்னலில் விட்டிருந்தாள். அவளுடைய போத்தல்கள் அங்கே இல்லை.

"பையில போட்டுட்டன்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "ஆரும் தண்ணி எடுக்க உள்ள வந்தா கண்டிருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் திட்டவில்லை. கீழே கூட்டிப்போய் ஓட்டோவில் ஏற்றினேன். மல்லிகை வாடித் தொங்கியது. லிஃப்டில் திரும்பி ஏறும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவில்லை. அக்காவுக்குப் போன் எடுக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் எடுக்க நினைப்பேன், அடுத்த ஞாயிறு என்று விடுவேன். குற்றம் செய்தவளுக்குத்தான் எத்தனை ரோஷம்! பிறெடி அந்தச் சிலிப் போத்தலில் மணிப்பிளாண்டைத் திரும்ப வைக்கப் போனார், நான் பறித்துக் குப்பையில் போட்டேன்.

டிசம்பர் நடுவில் மிஸிஸ் பத்மநாதன் போத்தல்களை ஞாபகப்படுத்தினார். கடையில் போய் உண்மையான லேட் ஹார்வெஸ்ட் இரண்டு வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றை வாங்கி, வீட்டில் திறந்து குடித்துப் பார்த்தேன். நல்ல வைன்தான், தேனும் எலுமிச்சையுமாக. ஆனால் அதில் கராம்பு இல்லை. முதல் மிடறிலேயே அவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று ஓட்டோவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை.

அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "வந்திட்டியா? உள்ள வா" என்றாள், நேற்றும் வந்து போனவளிடம் சொல்வதுபோல். வீடு முழுக்கக் கருக்கிய சீனி மணம். நான் கதிரையில் இருந்து, "அக்கா, அண்டைக்கு..." என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே போனாள்.

இரண்டு போத்தல்களைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இரண்டுக்கும் பிறவுண் பேப்பர் சுற்றியிருந்தது. மூலைகள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக மடித்திருந்தன. ஒரு துண்டு டேப் கிடையாது. என் கொப்பிகளுக்குப் போட்ட அதே மடிப்பு. இரண்டிலும் நீலப் பேனையால் 6 என்று எழுதியிருந்தாள்.

"அந்த மிஸிஸ் திரும்பக் கேப்பா எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அவவுக்கு அது நல்லாப் பிடிச்சிருந்தது, முகத்தில கண்டனான். பேர் ஒண்டும் எழுதேல்ல. உனக்கு எது வசதியோ அதைச் சொல்லு."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைத் தேடினேன். இல்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்து சுற்றியிருக்கிறாள். நான் அழுதேன். அழுகையோடு, "இதில உங்கட பேரை எழுதுவம் அக்கா. நான் உண்மையைச் சொல்லப்போறன். பேனையைத் தாங்கோ" என்றேன்.

அக்கா என் தலையில் கை வைத்தாள். "விசர்க் கதை கதைக்காத. இப்ப பேர் எழுதினா அண்டைக்கு நீ பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அந்த டெரிக் சும்மா விடுவானா? வேண்டாம் பிள்ளை. எனக்கென்ன, அவங்க நல்லா இருக்கு எண்டு சொன்னதைக் கேட்டனான்தானே."

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. போத்தல்களைப் பையில் வைத்து, அடுத்த நாள் மிஸிஸ் பத்மநாதனிடம் கொடுத்தேன். சிலி என்றேன், இந்த முறை லேபிள் ஒட்டாமல் வந்தது என்றேன்.

அந்த விருந்தில் வாய் மூடியிருந்ததை பிறெடியிடம் சொல்லி அழுதிருக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பேர் எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னாளே, அந்த நேரம், கண்ணீரோடு அவள் கையைப் பிடித்தபடி இருந்த எனக்கு, நிம்மதியாக இருந்தது.